எந்த ஓலையால் அளப்பது

சுவாமிமலைச் சிற்பப் பட்டறைகளில் மெழுகு பிடிப்பவருக்குப் பக்கத்தில் ஒரு தென்னை ஓலை நறுக்கு கிடக்கும். ஒடியோலை என்பார்கள். செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, தாள அளவுப்படி மடித்து மடித்துத் தடம் விழச் செய்திருப்பார்கள். முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, மார்பிலிருந்து உந்தி வரை இவ்வளவு என்பதெல்லாம் அந்த மடிப்புகளில் இருக்கிறது. உத்தம தசதாளம் என்றால் உச்சி முதல் பாதம் வரை 124 பாகம். பெரியவர் வருவார். இளையவர் பிடித்து வைத்த உருவத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு ஓலையை எடுத்து முழங்காலுக்குப் பக்கத்தில் நிறுத்துவார். மடிப்பு ஓரிடத்தில் இருக்கும், முட்டி இன்னோரிடத்தில் இருக்கும். "பாரு தம்பி" என்பார். இளையவர் இரும்பைச் சூடுபண்ணி அந்த இடத்தை இளக்க ஆரம்பித்துவிடுவார்.

யாருக்கும் முகம் வாடுவதில்லை. குறையைச் சொன்னது ஓலை. அந்த ஓலையைப் பெரியவரும் இளையவரும் வேலைக்கு வந்த நாளிலிருந்தே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. குறை சொல்லப்படுவது மெழுகில். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்ந்த அந்தக் கலவை எத்தனை முறை வேண்டுமானாலும் இளகிக் கொடுக்கும். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, காயவைத்து, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை ஊற்றிவிட்டால் முட்டியை இடம் மாற்ற முடியாது. அதனால் சொல்ல வேண்டியதை எல்லாம் மண் பூசுவதற்கு முன்பே சொல்லி முடித்துவிடுகிறார்கள். வார்த்து முடித்த சிலையின் முன் நின்று தாள அளவு பேசுகிறவரை அங்கே யாரும் மதிக்கமாட்டார்கள்.

*

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் சேர்ந்து மயிலாப்பூரில் எங்காவது உட்கார்ந்து வரைகிறோம். குளக்கரை, மாட வீதிகள், லஸ் பக்கம். வெயில் ஏறியதும் நாகேஸ்வரராவ் பூங்காவுக்குப் போய், வரைந்த நோட்டுகளைத் தரையில் வரிசையாகத் திறந்து வைத்துவிட்டுச் சுற்றி நிற்போம். உலகத்தின் பல ஊர்களில் இப்படித் தெருவில் வரையும் குழுக்கள் இருக்கின்றன. சியாட்டிலில் கேப்ரியல் கம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் 2007இல் தொடங்கி வைத்த பழக்கம் அது. நோட்டுகளைத் தரையில் பரப்புவதும் எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

சுற்றி நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். வரைந்த இரண்டு மணி நேரத்தைவிட அது கனமாக இருக்கிறது. நோட்டைக் கீழே வைத்ததும் ஒவ்வொருவரும் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்பதைக் கவனித்திருக்கிறேன். சிலர் தங்கள் நோட்டுக்கு நேர் எதிரே நிற்பதே இல்லை.

இங்கே ஒடியோலை கிடையாது. ஒருவர் கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நேர்கோடு நேராக இருக்க வேண்டும். இன்னொருவர் நிறத்துக்காகவே வருகிறார், கோடு அவருக்கு ஒரு சாக்கு. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி எல்லாவற்றையும் சாய்த்துச் சாய்த்து வரைகிறாள். மூவருக்கும் பொதுவாக ஓர் அளவு இல்லை. ஒருவர் ஓலையை இன்னொருவர் படத்தின் பக்கத்தில் நிறுத்தும்போதுதான் வம்பு வருகிறது.

*

ஓவியர்கள் வின்சென்ட் வான்கோவுக்கும் அந்தோன் வான் ராப்பார்டுக்கும் இடையே அப்படி வந்த வம்பை மறுபடி படித்தேன்.

ஐந்து வருட நண்பர்கள். 1880இன் கடைசியில் பிரஸ்ஸல்ஸில் அறிமுகமானார்கள். ராப்பார்டு வசதியான வீட்டுப் பிள்ளை, முறைப்படி ஓவியம் படித்தவர், வின்சென்ட்டைவிட ஐந்து வயது இளையவர். ஆங்கிலப் படப் பத்திரிகைகளில் வந்த மரச்செதுக்குப் படங்களை இருவரும் வெட்டிச் சேர்த்தார்கள். ஒருவரிடம் இரண்டு பிரதி இருந்தால் மற்றவருக்குப் போகும். ஒருவர் வேலையைப் பற்றி மற்றவர் கடிதத்தில் விரிவாக எழுதிக்கொண்டார்கள். இதம் பார்த்து எழுதியவர்கள் இல்லை. வின்சென்ட் தாட்சண்யமே இல்லாமல் எழுதுவார். அதையெல்லாம் தாங்கித்தான் அந்த நட்பு வளர்ந்தது. 1884இல் ராப்பார்டு இரண்டு முறை நூனென் கிராமத்துக்கே வந்து வின்சென்ட்டோடு தங்கி வரைந்தார்.

1885 ஏப்ரலில் வின்சென்ட் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' படத்தில் மூழ்கியிருந்தார். அந்தக் குளிர்காலம் முழுக்கக் குடியானவர்களின் தலைகளையும் கைகளையும் வரைந்து வரைந்து பழகியிருந்தார். படம் முடியும் முன்பே, நினைவிலிருந்து கல்லில் வரைந்து லித்தோ அச்சுப் போட்டு, ஒரு பிரதியை ராப்பார்டுக்கு அனுப்பினார்.

மே 24ஆம் தேதியிட்ட பதில் வந்தது. இப்படிப்பட்ட வேலையை நீ மனதாரச் செய்திருக்கமாட்டாய் என்ற தொனியில் அது போகிறது. பின்னால் இருக்கும் பெண்ணின் கை பொய்யாக இருக்கிறது. காப்பிக் கெண்டி மேசைமேல் நிற்கவும் இல்லை, யாரும் அதைப் பிடித்திருக்கவும் இல்லை. வலப்பக்கத்து ஆணுக்கு முட்டி எங்கே, வயிறு எங்கே, நுரையீரல் எங்கே? கை ஏன் இவ்வளவு குட்டை? ஒரு பெண்ணின் மூக்கு குழாய்த் தண்டில் கட்டை செருகியதுபோல் இருக்கிறது. கடைசியில், இப்படி வேலை செய்துவிட்டு மில்லே, பிரெத்தோன் போன்ற ஓவியர்களின் பெயர்களை எடுக்க உனக்கு எப்படித் துணிவு வந்தது என்று கேட்கிறார்.

வின்சென்ட் நாலு வரி எழுதி, அந்தக் கடிதத்தையே திருப்பி அனுப்பிவிட்டார். திருப்பி அனுப்பியதால்தான் அது இன்று நமக்குக் கிடைக்கிறது. அதன்பின் சில மாதங்கள் இருவரும் எழுதிக்கொண்டார்கள். வின்சென்ட் தன் பக்கத்தை நீளநீளமாக விளக்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் கடிதப் போக்குவரத்தே நின்றுபோனது.

அந்த லித்தோவை நெருங்கிப் பார்த்தேன். ராப்பார்டு சொன்ன ஒவ்வொன்றும் அங்கே இருக்கிறது. கெண்டி அந்தரத்தில்தான் இருக்கிறது. கை குட்டைதான். அவர் கண்ணில் பழுதில்லை, பொய்யும் சொல்லவில்லை. ஓவியப் பள்ளியில் கொடுத்த ஓலையை நிறுத்தி அளந்தார், அளவு தப்பியது, எழுதினார்.

ஆனால் வின்சென்ட் அந்த நாட்களில் தம்பி தியோவுக்கு எழுதியதைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். விளக்கொளியில் தட்டுக்கு நீளும் இந்தக் கைகளேதான் மண்ணையும் கிளறியவை, இந்தச் சோற்றை இவர்கள் நேர்மையாகச் சம்பாதித்திருக்கிறார்கள் என்பது தெரிய வேண்டும் என்று எழுதுகிறார். நிறம் எப்படி இருக்க வேண்டும் என்றால், தோல் உரிக்காத, மண் ஒட்டிய உருளைக்கிழங்குபோல. இதுதான் அந்தப் படத்துக்கு அவர் மடித்து வைத்திருந்த ஓலை. கணுக்கள் புடைத்த, மரவேர்போன்ற அந்தக் கைகள் அதில் சரியாகவே விழுகின்றன. அந்தக் கடிதம் தியோவுக்குப் போனது, ராப்பார்டுக்குத் தெரியாது. ஆனால் கேட்டிருக்கலாம். "இதில் நீ என்ன பிடிக்கப் பார்த்தாய்?" என்று ஒரு வரி. ஐந்து வருட நண்பரிடம் கேட்க முடியாத கேள்வி இல்லை அது.

முட்டியும் மூக்கும் இவர்களைப் பிரிக்கவில்லை என்றே நினைக்கிறேன். அந்த மாதிரிக் குறைகளை இருவரும் வருடக்கணக்கில் ஒருவருக்கொருவர் சொல்லி வந்தவர்கள்தான். மில்லே பெயரை எடுக்க உனக்கு என்ன துணிவு என்ற இடத்தில் பேச்சு படத்தை விட்டுவிட்டு ஆளிடம் வந்துவிட்டது. மில்லே வின்சென்ட்டுக்கு வழிகாட்டி, ஏறக்குறைய வழிபடும் இடத்தில் இருந்தவர். தப்பான கையைத் திருத்திக்கொள்ளலாம். உனக்கு அந்தப் பெயரைச் சொல்லும் தகுதி இல்லை என்றால் எதைத் திருத்துவது?

இரண்டு ஆண்டு கழித்து, 1887இல், வின்சென்ட் பாரிஸிலிருந்து தங்கை வில்லுக்கு எழுதும்போது, தான் செய்ததில் நூனெனில் வரைந்த அந்த உருளைக்கிழங்குப் படமே சிறந்தது என்கிறார். ராப்பார்டும் கெட்டவர் இல்லை. வின்சென்ட் இறந்தபோது அவருடைய தாய்க்கு ஆறுதல் கடிதம் எழுதினார். தன்னிடமே அவ்வளவு கேட்டு வருத்திக்கொண்ட மனிதன் என்று நண்பனைச் சரியாகவே புரிந்து எழுதினார். அதன்பின் இரண்டு வருடம் ஆவதற்குள், 34 வயது நிறைவதற்கு முன்பே, ராப்பார்டும் போய்விட்டார்.

*

ஒரு படத்துக்கு முன்னால் முதலில் சொல்லத்தக்கது, அங்கே என்ன இருக்கிறது என்பது. நன்று, தீது எல்லாம் பிறகு. குளத்தில் பாதிக்கு மேல் வெள்ளைத் தாளாகவே விட்டிருக்கிறாய். கோபுரத்தை ஓரத்தில் வெட்டிவிட்டாய். ஆட்களுக்கு முகம் இல்லை, குடைகளுக்கு மட்டும் நிறம். இவ்வளவு சொன்னாலே வரைந்தவரின் தோள் இறங்குவதைப் பார்க்கலாம். தான் செய்ததை ஒருவர் உண்மையாகவே பார்த்திருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அதன்பின் சொல்லும் குறை வேறு மாதிரி காதில் விழுகிறது.

இப்படிச் சொல்லத் தொடங்கினால் சொல்பவருக்கும் ஒரு நன்மை உண்டு. வாயைத் திறந்து விவரிக்கும்போதுதான் பல இடங்களைக் கண் முதல்முறையாகத் தொடுகிறது. போன வாரம் கபாலி குளத்தின் நீராழி மண்டபத்தைக் கல்லூரிப் பெண் வரைந்திருந்தாள். பொறியாளர் குனிந்து பார்த்தார்.

"பெர்ஸ்பெக்டிவ் தப்பா இருக்கேம்மா. தூண் எல்லாம் உள்பக்கம் சாயுது."

"தெரியும் சார். தண்ணில தெரியுற மண்டபத்தை மேலயும் போட்டுட்டேன். நிழல் ஆடுச்சில்ல, அதைத்தான் வரைஞ்சேன்."

அவர் முட்டியை மடக்கி உட்கார்ந்துவிட்டார். வெகு நேரம் பார்த்தார். பிறகு, "அப்போ கீழே இருக்கிற நிழல் ரொம்ப நேரா இருக்கே, அதுவும் ஆடணும்ல?" என்றார். அவள் சட்டென்று நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவளுடைய ஓலையாலேயே அளந்து அவர் கண்ட குறை அது. அன்று அங்கே பேசியதில் அவளுக்குப் பயன்பட்ட ஒரே வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். அவள் பதில் சொன்னதும் நின்று கேட்ட அந்த மனசுக்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

*

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990 வாக்கில் இப்படிப் பார்த்துப் பேசுவதற்கு ஒரு முறையே வகுத்தார். நாலு படி. முதலில் பார்த்தவர்கள் தங்களைத் தொட்டது எது என்று சொல்வார்கள். அடுத்து, செய்தவர் தனக்குள்ள சந்தேகத்தைக் கேட்பார். மூன்றாவது, பார்த்தவர்கள் கேள்வி கேட்பார்கள், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்து வைக்கக்கூடாது. "ஏன் இவ்வளவு இருட்டு?" என்பது தீர்ப்பு. "வெளிச்சத்தைப் பற்றி என்ன நினைத்திருந்தீர்கள்?" என்பது கேள்வி. கடைசிப் படியில்தான் அபிப்பிராயம். அதற்கும் அனுமதி கேட்க வேண்டும். நிறத்தைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருக்கிறது, கேட்க விருப்பமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை செய்தவருக்கு உண்டு.

மூன்றாவது படி பழகப் பழகத்தான் கைவரும். தமிழில் 'ஏன்' என்று தொடங்கும் கேள்வி பெரும்பாலும் வீட்டுப் பெரியவர் அதட்டல்போலவே ஒலிக்கிறது. "இங்க என்ன யோசிச்சு பண்ணீங்க?" என்று மாற்றிக் கேட்டால் பதில் வருகிறது.

அனுமதி கேட்பது நமக்குச் செயற்கையாகத் தோன்றலாம். நெருங்கியவர்களிடம் அது தேவைப்படாது. புதிதாக வந்து முதல்முறை நோட்டைத் தரையில் வைப்பவரிடம் அவசியம் கேட்க வேண்டும். அவர் காட்ட மட்டும் வந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் தாயின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்த பக்கத்தை ஒருவர் எங்களிடம் காட்டியிருக்கிறார். கட்டிலின் கோணம் பிசகியிருந்தது. எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்டார், அதுதான் அந்தப் படத்துக்குச் சரியான விமரிசனம்.

*

கிரேக்க ஓவியர் அப்பெல்லிஸ் தன் படங்களை வாசலில் வைத்துவிட்டு, பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வழிப்போக்கர்கள் பேசுவதைக் கேட்பாராம். ரோமானியர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். செருப்புத் தைப்பவர் ஒருவர் பாதரட்சையில் வார் குறைவதாகச் சொன்னார். அப்பெல்லிஸ் திருத்திவிட்டார். மறுநாள் அதே ஆள் உற்சாகமாகிக் காலைப் பற்றியும் பேச ஆரம்பிக்க, செருப்புக்கு மேலே போகாதே என்று அப்பெல்லிஸ் வெளியே வந்து அடக்கினார்.

எல்லோரும் அப்பெல்லிஸ் பக்கம் நின்றே இந்தக் கதையைச் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கால் எல்லோருக்கும் இருக்கிறது. கால் சரியாக நிற்கவில்லை என்று செருப்புத் தைப்பவருக்குத் தோன்றினால் அவர் சொல்லலாம். வாரைப் பற்றித் தொழில் தெரிந்தவராகச் சொன்னார். காலைப் பற்றிப் பார்ப்பவராகச் சொல்ல வேண்டும், "எனக்கு இந்த இடம் தடுக்குது" என்று. எந்த இடத்திலிருந்து பேசுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் கேட்பவர் எடை போட்டுக்கொள்வார்.

*

அடுத்தவர் தாளில் நம் பென்சில் படக்கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. குரு சிஷ்யன் படத்தில் கை வைப்பது வேறு, அது இருவரும் ஏற்றுக்கொண்ட உறவு. சக மனிதர் நோட்டில் 'இப்படி வரணும்' என்று ஒரு கோடு இழுத்துவிட்டால், அந்தப் பக்கம் அவருடையதாக இல்லாமல் போய்விடுகிறது. காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தனித் தாளில், அல்லது மேலே டிரேசிங் தாள் வைத்து. செல்போனில் படம் எடுத்து அதன்மேல் கோடு போட்டு அனுப்புவதும் கேட்காமல் செய்தால் இதே கணக்குதான்.

செல்போன் என்றதும் ஒன்று. நோட்டளவுப் படம் அங்கே உள்ளங்கை அளவாகிவிடுகிறது. நீர்வண்ணத்தின் மெல்லிய பூச்சு வெளுத்துப்போகிறது, தாளின் சொரசொரப்பு தெரிவதே இல்லை. ராப்பார்டும் அந்த ஓவியத்தைப் பார்க்கவில்லை, லித்தோவைத்தான் பார்த்தார். நிறம் இல்லை, அந்த விளக்கொளியின் பச்சைக் கறுப்பு இல்லை. பார்த்தது நகலைத்தான் என்ற நினைவோடு அளவாகப் பேசுவது நல்லது.

*

தொல்காப்பியம் அரங்கேறியதைப் பற்றி நச்சினார்க்கினியர் உரையில் ஒரு கதை வருகிறது. தொல்காப்பியர்மேல் கோபம் கொண்ட அகத்தியர், அவர் நூலைக் கேட்காதே என்று, அரங்கேற்றத்தில் அதைக் கேட்க இருந்த அதங்கோட்டாசானிடம் சொல்லிவிடுகிறார். தொல்காப்பியரோ கேட்கத்தான் வேண்டும் என்று வற்புறுத்துகிறார். இரண்டு பக்கமும் தட்ட முடியாமல் ஆசான் ஒரு வழி கண்டார். கேட்கிறேன், ஆனால் கேட்பதற்கெல்லாம் குற்றம் சொல்வேன், நீ விடை சொல்லு என்றார். அவர் குற்றம் கூறக் கூற, தொல்காப்பியர் விடை சொல்லிக்கொண்டே போனார்.

வரலாறாக அதை எப்படி எடுத்தாலும் சரி. குற்றம் மட்டுமே சொல்வதென்று உட்கார்ந்தவர்கூட மறுமொழிக்கு இடம் வைத்து ஆரம்பித்திருக்கிறார், எனக்குப் பிடித்தது அதுதான். பொறியாளரும் அந்தப் பெண்ணும் பேசிக்கொண்டதில் அந்த இடம் இருந்தது. ராப்பார்டின் கடிதத்தில் கேள்விக்குறிகள் நிறைய உண்டு, ஒன்றுகூடப் பதிலை எதிர்பார்த்துப் போட்டதல்ல.

*

பாராட்டைப் பற்றி. 'சூப்பர்', 'செம', கட்டைவிரல் எல்லாம் இருக்கட்டும், அவற்றில் ஓர் அன்பு இருக்கிறது. புதிதாக வருபவருக்கு அதுவும் வேண்டும். ஆனால் வருடக்கணக்கில் அதை மட்டுமே கேட்டு வருபவர் தனியாகிவிடுகிறார். எங்கள் குழுவில் கை நன்கு பழகிய ஒருவர் இருக்கிறார். கோபுரம் வரைந்தால் எல்லோரும் கைதட்டுவோம். அவர் என்னிடம் தனியாகக் கேட்டார்: "மூணு வருஷமா ஒரே கோபுரத்தைத்தான் வரையுறேனோன்னு தோணுது. உங்களுக்குத் தோணலையா?" தோன்றியிருந்தது. ஆமாம் என்றேன். எந்தப் படத்துக்குப் பிறகு அப்படித் தோன்றத் தொடங்கியது என்பதையும் நோட்டைப் புரட்டிக் காட்டினேன். மழையில் நனைந்த கடைத்தெரு ஒன்று, பழைய பக்கம், நிறம் ஒன்றோடொன்று ஓடிக் கலந்திருந்தது. அதற்குப் பிறகு வந்த பக்கங்களில் அவர் எதையும் ஓட விடவில்லை.

அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இதை யாருமே ஒண்ணும் சொல்லலையே, நல்லா வரலைன்னு நினைச்சுட்டேன்" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து நோட்டைக் கீழே வைக்கும்போதே ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைக்கலாம் என்று குழுவில் எழுதியிருக்கிறேன்: காட்ட மட்டுமா, கேட்கவா, கேட்பதென்றால் எதைப் பற்றி. பொறியாளர் ஒத்துக்கொண்டார். கல்லூரிப் பெண் மறுக்கிறாள். எதைப் பற்றிக் கேட்பது என்று தனக்கே தெரியாத படங்களைத்தான் முக்கியமாகக் கொண்டு வர விரும்புகிறேன் என்கிறாள். அது நியாயமாகவே படுகிறது. அதற்கு ஓர் இடம் விட்டு எழுத வேண்டும்.